களத்து அறைக்கு வராத முகவரி

ஆடிச் சாரலில் கொப்பரை காயாது. விற்பனை மட்டும் நிற்காது. உலர்கூடத்திலிருந்து இறக்கிய மூட்டைகளை லாரியில் அடுக்கித் தார்ப்பாயும் கட்டியாயிற்று. ஓட்டுநர் மூன்றாவது தேநீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போக வேண்டுமென்றால், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்னும் இணையவழிச் சரக்குச் சீட்டு வேண்டும். அதை எடுக்க வேண்டிய புதுக் கணினியோ, இணையம் இல்லை என்று மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குக் கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்து பில்லை எடுத்து லாரியை அனுப்பிவிட்டேன். அடுத்த ஒன்பது நாள் மாலைகள் இந்தச் சிக்கலுக்கே போயின.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். தாத்தாவின் பத்திரங்கள் சில இன்னும் மலையாளத்தில்தான் பரணில் இருக்கின்றன. வீட்டின் சுவரும் அந்தக் காலத்தது. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து ஒன்றரை அடி கனம். வெயிலுக்கு அருமையான சுவர், வைஃபைக்கு எமன். முன் கூடத்தில் ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும். பின்னால் தோப்பைத் தாண்டி நாற்பத்தைந்து மீட்டரில் கொப்பரைக் களம், அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட களத்து அறை. அங்கே பில் போடும் கணினியும் பிரிண்டரும். களத்துச் சரக்கறையில் கேமராக்களின் பதிவுப் பெட்டி. இந்த மூன்றும் கேபிளில் இணைபவை. மூன்றையும், பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்றில் களத்து அறையில் சேர்த்திருந்தேன்.

முன்பு வீட்டிலிருந்து களத்துக்குத் தென்னை மரங்களின் மேலாகவே கேபிள் இழுத்திருந்தேன். போன ஐப்பசியில் ஆரியங்காவுப் பக்கமிருந்து வந்த ஓர் இடி அதைத் தீர்த்துவைத்தது. மரத்தில் நேராக இடி விழவில்லை. எங்கோ பக்கத்தில்தான் விழுந்தது. நீளமான செப்புக் கம்பி திறந்தவெளியில் கிடந்தால், அருகில் இறங்கும் இடியே அதில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடப் போதும். ஸ்விட்ச் முழுவதும் போயிற்று. ரவுட்டரின் நான்கு துளைகளில் ஒன்று செத்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இனிச் செப்பே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கேபிளை இரு பக்கமும் பிடுங்கிவிட்டு, களத்து அறை ஜன்னலில், வீட்டு வைஃபையை வாங்கி நீட்டித்துத் தரும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வைத்து, அதன் அடியில் இருக்கும் ஒற்றைத் துளையிலிருந்து புது ஸ்விட்சுக்கு ஒரு சின்னக் கேபிள் போட்டேன். எட்டு மாதம் ஓடியது. பழைய கணினி ஓய்வுபெற்று, புதுக் கணினி வந்த வாரத்தில்தான் எல்லாம் கெட்டது.

ஒரே சமயத்தில் இரண்டு நோய். புதுக் கணினிக்கு இணையமே இல்லை. பதிவுப் பெட்டிக்கு இணையம் வருகிறது, போகிறது; வீட்டிலிருந்து கைப்பேசியில் கேமராவைப் பார்த்தால் படம் உறைந்து நிற்கிறது. இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. எக்ஸ்டெண்டரே கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, அதை நான்கு முறை அழித்து மறுபடி அமைத்தேன். இரண்டு மாலைகள் வீண்.

தங்கை மகன் புனலூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கணினிப் படிப்புப் படிக்கிறான். நான் நான்காம் முறையாக எக்ஸ்டெண்டரின் பின்துளையில் ஊசியைச் செருகுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, வைஃபையை விட்டுவிடுங்கள். களத்துப் பக்கம் இருக்கிற பொருள்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று முதலில் பார்ப்போம்" என்றான்.

எளிய யோசனை, எனக்குத் தோன்றவில்லை. கணினியும் பதிவுப் பெட்டியும் ஒரே ஸ்விட்சில் இருக்கின்றன. அவை தமக்குள் பேச வைஃபையும் வேண்டாம், வீட்டு ரவுட்டரும் வேண்டாம். எக்ஸ்டெண்டரின் கேபிளை ஸ்விட்சிலிருந்து பிடுங்கிவிட்டுக் கணினிக்கு 192.168.1.50 என்று கையாலேயே முகவரி கொடுத்தோம்; பெட்டியில் 192.168.1.60 ஏற்கெனவே இருந்தது. நடுவில் இருப்பவை கேபிளும் ஸ்விட்சும் மட்டுமே. இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங் கட்டளையை நூறு முறை அனுப்பினோம். பதினேழு திரும்பவில்லை. ஆக, பெட்டியின் நோய்க்கும் எக்ஸ்டெண்டருக்கும் சம்பந்தமே இல்லை.

பெட்டிக்குப் போகும் கேபிள் முப்பது மீட்டர். களத்தைச் சுற்றிச் சரக்கறைக்குப் போகிறது. நூறு மீட்டர் வரை அனுமதி உண்டு, எனவே நீளத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கேபிள் சோதிக்கும் கருவியைச் செருகினேன். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசை தவறாமல் எரிந்தன. "பார்த்தாயா, கேபிள் சுத்தம்" என்றேன். அவன் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நிறங்களைப் பார்த்தான், சிரித்தான். "இதை யார் கிரிம்ப் செய்தது?" நான்தான். கம்பிகளைக் கனெக்டரில் வைத்து அமுக்கும் கிரிம்பிங் கருவியைப் போன ஆண்டு சொந்தமாக வாங்கிய உற்சாகத்தில் செய்தது.

நான் போட்டிருந்த வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, கண்ணுக்கு அழகாக. இரண்டு முனையிலும் அதே வரிசை. ஒன்றுக்கு ஒன்று சரியாகத் தொடர்பு இருப்பதால் சோதனைக் கருவி மகிழ்ச்சியாகப் பச்சை விளக்கு காட்டுகிறது. மலிவான கருவிக்குக் கம்பி அறுபட்டிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். எந்தக் கம்பி எதனோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எல்லாம் அந்த முறுக்கில்தான் இருக்கிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றி வருவதால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகிறது. கேபிள் வலைக்கான முறையான ஈதர்நெட் எதிர்பார்க்கும் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. என் வரிசையில் மூன்றாம் இடத்தில் பச்சை ஜோடியின் கம்பி, ஆறாம் இடத்தில் நீல ஜோடியின் கம்பி. ஒரு வீட்டு மாப்பிள்ளையையும் அடுத்த வீட்டுப் பெண்ணையும் ஒரே மணையில் உட்கார வைத்துவிட்டேன். இரண்டு மீட்டர்க் கேபிளில் இது வெளியே தெரியாமலே போகலாம். முப்பது மீட்டரில் மானம் போயிற்று.

இரு முனையையும் நறுக்கி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று புதிதாகப் போட்டோம். முறுக்கை முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காமல், வெளி உறை கனெக்டருக்குள் அமுங்கும்படி. நூறு பிங்குக்கு நூறும் திரும்பின. நறுக்கிய துண்டில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டியும் பார்த்தேன். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், சீக்கிரம் ஒடியும். நல்லவேளை, செம்பேதான்.

இனிக் கணினி. அதற்குக் கையால் முகவரி கொடுத்தால் அறைக்குள் பேசுகிறது. தானாக முகவரி எடுத்துக்கொள் என்று விட்டால், 169.254 என்று தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணை வீட்டு வலை வைத்திருக்கும் எவரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. முகவரி தர யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நானே ஒன்றை வைத்துக்கொண்டேன் என்று கருவி சொல்வதுதான் அது. கேபிள் உயிரோடு இருக்கிறது, ஆனால் டிஎச்சிபி, அதாவது ரவுட்டரிடம் தானாக முகவரி கேட்டு வாங்கும் பேச்சுவார்த்தை, முறிந்துவிட்டது என்று பொருள்.

விசித்திரம் என்னவென்றால், அதே கேபிளைப் பிடுங்கி மருமகனின் மடிக்கணினியில் செருகினால் உடனே முகவரி வருகிறது. மறுபடி புதுக் கணினியில் செருகினால் 169.254. அப்படியானால் கேபிளும் குற்றவாளி இல்லை, எக்ஸ்டெண்டரும் செத்துப்போகவில்லை. ஒருவனுக்குச் சோறு போட்டு இன்னொருவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடும் இந்தப் பாரபட்சம் எங்கிருந்து வருகிறது? இரவு பதினொன்றரை வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

விடை மறுநாள் காலையில் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. அங்கிருந்த கணினியில் ஆர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எந்த ஐ.பி. முகவரிக்கு (நாம் கொடுக்கும் 192.168 எண்) எந்த மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) என்று காட்டும் பட்டியல் அது. களத்து அறையிலிருந்து நான்கு வரிகள் இருந்தன: எக்ஸ்டெண்டர், பிரிண்டர், பதிவுப் பெட்டி, மருமகனின் மடிக்கணினி. நான்குக்கும் ஒரே மேக் முகவரி. அதுவும் எக்ஸ்டெண்டருடையது.

சாதாரண வைஃபை இணைப்பில், அதாவது 802.11 தரத்தின் வழக்கமான நடைமுறையில், ஒரு கருவி ரவுட்டரோடு சேர்ந்த பிறகு தன் சொந்த மேக் முகவரியில் மட்டுமே பேச முடியும். பின்னால் கேபிளில் தொங்கும் மற்றவர்களின் பெயரில் பேசினால் ரவுட்டர் ஏற்காது. அதனால் இந்த வகை எக்ஸ்டெண்டர்கள் பின்னால் இருப்பவர்களின் முகவரியை அழித்துத் தன் முகவரியை ஒட்டி அனுப்புகின்றன. பதில் வந்தால் ஐ.பி.யைப் பார்த்து உரியவரிடம் பிரித்துக் கொடுக்கின்றன. சோதனைச் சாவடியில் நடப்பதும் இதுதான். நான்கு தோப்பின் தேங்காய் ஒரே லாரியில் போகிறது. சாவடிப் பதிவேட்டில் ஏறுவது வண்டி எண் ஒன்றுதான். திரும்பி வரும்போது "இன்ன தோப்புக்காரருக்கு" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், அந்தப் பெயரில் எந்த வண்டியும் சாவடிக்குத் தெரியாது.

டிஎச்சிபியில் அப்படி ஒரு கடிதம் உண்டு. முகவரி கேட்கும் கருவி, தன் மேக் முகவரியை விண்ணப்பத்துக்குள்ளேயே எழுதி அனுப்புகிறது. பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவியுங்கள் என்று ஒரு குறி போட்டுக் கேட்கும் கருவிகள் உண்டு. குறி போடாமல், எனக்கு நேராக அனுப்புங்கள் என்று கேட்பவையும் உண்டு. குறி போட்டால் பதில் ஊரறிய வரும், எக்ஸ்டெண்டரும் கேட்டுக் கொடுத்துவிடும். குறி போடாவிட்டால் ரவுட்டர் விண்ணப்பத்துக்குள் இருக்கும் மேக் முகவரிக்கே பதிலைப் போடும். அந்தப் பெயரில் வைஃபையில் சேர்ந்தவர் யாருமில்லை, எனவே பதில் காற்றிலேயே ஏறாது. மருமகனின் மடிக்கணினி முதல் வகை, என் புதுக் கணினி இரண்டாம் வகை. நல்ல எக்ஸ்டெண்டர் என்றால் கடந்துபோகும் விண்ணப்பத்தில் அந்தக் குறியைத் தானே போட்டு அனுப்பிவிடும். என்னுடையது அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் எப்படி ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பழைய கணினிக்கும் பிரிண்டருக்கும் பெட்டிக்கும் செப்புக் கேபிள் காலத்திலேயே கையால் முகவரி எழுதிவைத்திருந்தேன். அவை எதுவும் ரவுட்டரிடம் கேட்கவே இல்லை. புதிதாக வந்தது மட்டும் முறைப்படி கேட்டது, கேட்டதனால் கெட்டது. இன்னொரு மர்மமும் அவிழ்ந்தது: ரவுட்டரில் பெட்டியின் மேக் முகவரியைக் குறிப்பிட்டு அதை இரவில் மட்டும் அனுமதிக்கும் விதி ஒன்றை எக்ஸ்டெண்டர் வந்த பிறகு எழுதியிருந்தேன், அது ஒருநாளும் வேலை செய்ததில்லை. எப்படிச் செய்யும்? எக்ஸ்டெண்டர் வந்த பிறகு அந்த முகவரியை ரவுட்டர் பார்த்ததே கிடையாது.

உடனடி வைத்தியம் எளிது. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண்ணை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, கணினிக்கு நூறுக்குக் கீழே ஓர் எண்ணைக் கையால் எழுதினேன். வெளியே போகும் வாசல் முகவரி, அதாவது ரவுட்டருடையது, 192.168.1.1. ரவுட்டரைப் பிங் செய்தால் பதில் வருகிறது, வெளியுலக எண்களுக்கும் வருகிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. கால் மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டது தெரிந்தது. எண்ணால் அழைத்தால் வருவார்கள், பெயரால் அழைத்தால் யாரென்று தெரியாது. அதையும் நிரப்பியதும் இ-வே பில் பக்கம் திறந்தது. அன்று லாரி இல்லை என்பது வேறு விஷயம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் வீட்டோடும் பேசி, களத்துக் கைப்பேசிகளோடும் பேசியதால் வேகம் பாதியாகிக்கொண்டிருந்தது. சாரல் வலுத்து ஓலைகள் நனைந்துவிட்டால் இன்னும் குறையும். ஈரம் ரேடியோ அலையைக் குடிக்கும். அதனால் நேருக்கு நேர் பார்த்து இரண்டு இடங்களைக் காற்றுவழியே இணைக்கும் பிரிட்ஜ் பெட்டிகள் இரண்டை வாங்கினேன். ஒன்று வீட்டு மாடியின் பின் இறவாணத்தின் கீழ், மற்றது களத்து அறை இறவாணத்தின் கீழ். வாங்கும்போது கேட்ட ஒரே கேள்வி, டபிள்யூடிஎஸ் உண்டா என்பது. அந்த முறையில் காற்றில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் நான்கு முகவரிகள் இருக்கும்: அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி, உண்மையில் அனுப்பியவர், உண்மையில் பெறவேண்டியவர். வண்டி எண்ணோடு தோப்புக்காரர் பெயரும் பதிவேட்டில் ஏறிவிடும்.

மாட்டுவதில் இரண்டு இடறல்கள். இரண்டு பெட்டிகளும் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஐ.பி. முகவரியோடு வந்தவை. இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுத்தால் ஒருவரை அழைக்க மற்றவர் பதில் சொல்வார். ஒவ்வொன்றாகத் திறந்து முகவரியின் கடைசி எண்ணை 2 என்றும் 3 என்றும் மாற்றிய பிறகே மேலே ஏற்றினோம். அடுத்தது மின்சாரம். இவற்றுக்கு 24 வோல்ட் மின்சாரம் அதே நெட்வொர்க் கேபிளிலேயே ஏறுகிறது. நீல ஜோடி நேர் முனை, பழுப்பு ஜோடி எதிர் முனை. தரவுக்கு மிச்சமிருப்பவை ஆரஞ்சும் பச்சையும்தான், எனவே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. ஸ்விட்சில் பச்சைக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கு எரிந்ததும் நான் மறுபடி கிரிம்பிங் கருவியைத் தூக்கினேன், மருமகன் கையைப் பிடித்துக்கொண்டான். மின்சாரம் ஏற்றும் சின்னப் பெட்டியில் இரு துளைகள் இருக்கும். மின்சாரம் வரும் துளையில் கணினியைச் செருகிவிடக் கூடாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் சிவப்பு நகச்சாயத்தால் அடையாளம் வைத்தேன். சாயம் தங்கையுடையது.

கணினியைத் தானியங்கி முகவரிக்கு மாற்றினேன். இரண்டு விநாடியில் 192.168.1.104 வந்து உட்கார்ந்தது. வீட்டு ஆர்ப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேக் முகவரி. மருமகன் புனலூருக்குக் கிளம்பிவிட்டான்.

மூன்றாம் நாள் மதியம் வீடு, களம் இரண்டிலும் இணையம் செத்தது. ரவுட்டரின் பக்கம்கூடத் திறக்கவில்லை. களத்து ஸ்விட்சில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், கொடைவிழாச் சீரியல் விளக்குபோல வெறிகொண்டு மின்னின. அணைத்துப் போட்டால் சில விநாடி சரி, மறுபடி வெறி. தொலைபேசியில் மருமகன், "விளக்குகள் எல்லாம் சேர்ந்து மின்னுகின்றனவா? அப்படியானால் எங்கோ வளையம் விழுந்திருக்கிறது மாமா. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்" என்றான். நான்காவதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. அந்த நான்காவது கேபிள் அங்கே இருக்கவே கூடாதது. ஜன்னல் வழியாக வெளியே போய்த் தென்னை மரத்தில் ஏறியது. இடி தின்ற பழைய கேபிள்.

களத்து முனையைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தேன். வீட்டு முனையும் கழன்றுதான் கிடந்தது. சில மாதத்துக்கு முன் ரவுட்டரை மாற்ற வந்தவர் அதைப் பார்த்து, ஒழுங்காகப் புது ரவுட்டரில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். களம் பெருக்க வரும் அக்காவிடம் கேட்டேன். "ஒயர் தரையில் கிடந்தது, எலி கடித்துவிடுமே என்று காலித் துளையில் மாட்டினேன். தப்பா?" என்றார். தப்பே இல்லை; தொங்கவிட்டது நான். ஒரு பக்கம் காற்று வழி, இன்னொரு பக்கம் செப்பு வழி, இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம். எல்லோருக்குமான ஓர் அறிவிப்பு ஒரு வழியில் போய் மறு வழியில் திரும்பி மறுபடி போகும். ஐ.பி. பொட்டலத்துக்காவது இத்தனை தாவலில் சாக வேண்டும் என்று ஆயுள் எழுதியிருக்கும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு அப்படி ஆயுள் கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். வளையத்தைக் கண்டு தானே ஒரு வழியை அடைக்கும் ஸ்விட்சுகள் உண்டு. என்னுடைய எட்டுத் துளைப் பெட்டிக்கு அந்த அறிவு இல்லை. அந்தச் செப்பு இணைந்திருந்தது மதியம் வரைதான். சாயங்காலம் இடி இடித்திருந்தால் இந்த முறை பிரிட்ஜ் பெட்டிகளும் சேர்ந்து போயிருக்கும்.

மறுநாள் ஏணி போட்டுக் கேபிளை மரங்களிலிருந்து இறக்கினேன். நாற்பத்தைந்து மீட்டரையும் சுருட்டிக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது அம்மா தடுத்தார். சாரலில் துணி காய உலர்கூடத்துக்குள் ஒரு கொடி வேண்டுமாம். கொடுத்தேன், இரு முனைக் கனெக்டர்களையும் நறுக்கிவிட்டு.